எய்யா, அந்தப் பேரிங்கை நான் எடுத்துவிட்டேன்

எய்யா,

இதை நான் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் ஒன்று சொல்லி முடிப்பதற்குள் நீ "சரிம்மா, சரிம்மா" என்று பத்து சொல்லிவிடுகிறாய். அந்தக் குணம் என்னிடமிருந்து வந்ததுதான், அதனால் கோபமில்லை. தாளில் எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது அல்லவா. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிறேன், பிழை இருக்கும். உன் வீட்டுக்காரியோடு சேர்ந்து உட்கார்ந்து படி. ஆபீஸ் பஸ்ஸில் பாதி, வீட்டில் பாதி என்று படிக்காதே. ஆடி முடிந்து ஆவணி பிறந்ததும் வந்து, மேலகரத்து வீட்டைப் பூட்டி, என்னைச் சென்னைக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறாய். அதற்குப் பதில் இந்தக் கடிதத்தில் இருக்கிறது.

போன சனிக்கிழமை வீடியோவில் நான் சைக்கிளின் முன்சக்கரத்தைத் தூக்கிக் காட்டினேன். நீ சிரித்தாய். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, "எம்மா, அதத் தூக்கி ஓரமாப் போடு. ஒரு பேரிங் நின்னதுக்கு ஒன் வேலையே நின்னு போச்சு பாத்தியா? இதத்தான் நானும் சொல்லுதேன். ஒத்தையில எப்படிம்மா இருப்ப?" என்று கேட்டாய். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் கேள்வி என் நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டது. சனிக்கிழமை என்னிடம் அதற்குப் பதில் இல்லை. திங்கட்கிழமை காலையில் இருந்தது.

அந்த சைக்கிளை நீ ஏன் வாங்கிக் கொடுத்தாய் என்று உனக்கு நினைவிருக்கும். முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு என்று வாங்கினாய். அவருக்கு இடுப்பு வலி, காலைத் தூக்கிப் போட முடியாது என்று நடுவில் பார் இல்லாத கியர் வண்டியாகப் பார்த்து வாங்கினாய். அவர் அதில் குற்றாலத்து லாட்ஜுக்கு வாட்ச்மேன் வேலைக்குப் போனது உனக்குத் தெரியும். அதற்கு முன்னால் தினமும் விடியற்காலையில் என்னைப் பின்னால் உட்காரவைத்து, தென்காசி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் நான் சமைக்கிற மெஸ்ஸில் இறக்கிவிட்டுத்தான் அவர் திரும்பிக் குற்றாலத்துக்கு மிதிப்பார். அது உனக்கு அவ்வளவாகத் தெரியாது, நீ அப்போது ஊரில் இல்லை. யோசித்துப் பார்த்தால், அவர் முகத்தைவிட அவர் முதுகைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். மழை வந்தால் அந்த முதுகுக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொள்வேன். "நனையுதியோ?" என்று கேட்பார். அவர் முழுக்க நனைந்திருப்பார்.

மாசியில் அவர் போன பிறகு நாற்பது நாள் நான் வாசலைத் தாண்டவில்லை. பிறகு மெஸ்காரர் ஆள் விட்டார். அவர் நல்ல மனிதர்தான், ஆனால் இட்லிச் சட்டி நல்லது கெட்டது பார்க்காது. காலை ஐந்து மணிக்கு அடுப்பு எரிய வேண்டும். அந்த நேரத்துக்கு மேலகரத்திலிருந்து பஸ் கிடையாது, ஷேர் ஆட்டோவும் கிடையாது. முதல் நாள் நடந்தே போனேன். என் குதிகால் உனக்குத் தெரியுமே, சாயங்காலம் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. மூன்றாம் நாள் அப்பாவின் வண்டியை எடுத்தேன். சின்னப் பிள்ளையில் வாடகை சைக்கிள் எடுத்து ஓட்டியதோடு சரி, முப்பது வருஷத்துக்கு மேல் தொட்டதே இல்லை. பைபாஸ் திருப்பத்தில் விழுந்தேன். முட்டியில் இப்போதும் தழும்பு இருக்கிறது. உன்னிடம் சொல்லவில்லை. "வழுக்கி விழுந்துட்டேன்" என்று சொன்னேனே, அது பாத்ரூமில் இல்லை. அந்தப் பொய்யை இன்றைக்குச் சரிசெய்துகொள்கிறேன். ஆனால் பத்து நாளில் பழகிவிட்டது. நடந்தால் வலிக்கிற குதிகால் பெடலை மிதித்தால் வலிக்கவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போவேன். உன் அத்தை காதுக்கு அது போய், "தாலிய எறக்கி வச்ச கையோட ஹாண்டில்பாரப் புடிச்சிட்டாளாக்கும்" என்று சொன்னாளாம். சொல்லட்டும். அவள் வந்து என் மாவைக் கரைத்துத் தரப் போவதில்லை.

ஆனியில் சாரல் பிடித்ததும் முன்சக்கரத்தில் ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. முதலில் அரிசியில் கல் அரைபடுகிற மாதிரி இருந்தது. பிறகு அம்மி கொத்துகிற மாதிரி ஆனது. போன சனிக்கிழமை மெஸ்ஸிலிருந்து திரும்பும்போது மேலகரத்துக்குள் நுழைகிற இடத்தில் சக்கரம் அப்படியே நின்றுவிட்டது. உருளவே மாட்டேன் என்றது. முன்பக்கத்தைத் தூக்கிக்கொண்டே மெக்கானிக் கடை வரைக்கும் தள்ளினேன். நம் தெரு முக்கில் இருக்கிறாரே, அந்த அண்ணாச்சி. அவர் சக்கரத்தைக் கழற்றி, ஆக்சில் கம்பி போகிற நடுக்குடத்தை மூக்குப் பக்கம் கொண்டுபோனார். முகம் ஒரு மாதிரி ஆயிற்று.

"இதுல என்னத்த ஊத்துனீய? எள்ளுருண்ட வாசம் அடிக்கி!"

"நல்லெண்ணெய்" என்றேன்.

"நல்லெண்ணெயா? வண்டிக்கா? யாருக்கா ஊத்துனது?"

எய்யா, இது நான் ஒப்புக்கொள்ள வேண்டிய தப்பு. அப்பாவின் சனிக்கிழமை உனக்குத் தெரியுமே. சீசன் வந்துவிட்டால் உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் தேய்த்துக்கொண்டு, அப்படியே சைக்கிளில் ஐந்தருவிக்குப் போய்விடுவார். கிளம்பும்போது உள்ளங்கையில் மிச்சமிருக்கிற எண்ணெயைச் சக்கரத்து நடுவில் வழித்து விடுவார். "நம்மளச் சொமக்கான் பாவம், இவனுக்கும் சூடு எறங்கட்டும்" என்று சொல்லிச் சிரிப்பார். அவர் செய்தது எப்போதாவது ஒரு சொட்டு, விளையாட்டுக்கு. அவர் போன பிறகு சனிக்கிழமை வந்தால் எனக்குக் கை நிற்காது. எண்ணெயைக் காய்ச்சி, இரண்டு மிளகு போட்டு இறக்கிவிடுவேன். இறக்கிய பிறகுதான் தேய்க்கத் தலை இல்லை என்று உறைக்கும். என்ன செய்வேன்? கொண்டுபோய் அந்தச் சக்கரத்துக் குடத்தில் ஊற்றினேன். முழுக் கரண்டி. ஒவ்வொரு சனிக்கிழமையும். ஐந்து மாதமாக.

அண்ணாச்சி விளக்கிச் சொன்னார். எள்ளெண்ணெய் காய்ந்தால் பிசின் ஆகிவிடுமாம். அதோடு சாரல் தண்ணீரும் இறங்கித் துருவும் சேர்ந்து, பேரிங்கைக் குடத்தோடு குடமாக ஒட்டவைத்துவிட்டதாம். "சாதா வண்டின்னா குண்டும் கிரீஸும் மாத்திட்டுப் போயிருவேன். இது உள்ள அடிச்சு எறக்குன பேரிங். ரெண்டு பக்கமும் ஒண்ணு ஒண்ணு இருக்கு. நான் அடிச்சு, குடம் கீறிட்டுன்னா எனக்குப் பொல்லாப்பு. வீலோட புதுசு சொல்லிருங்கக்கா, வர பத்து பன்னெண்டு நாள் ஆகும்" என்றார். மெஸ்காரருக்குப் போன் செய்தேன். "அக்கா, ஒங்க கஷ்டம் புரியுது. ஆனா திங்கக்கிழம அஞ்சு மணிக்கு எனக்கு ஆள் வேணும். முடியலன்னா இப்பமே சொல்லிருங்க, வேற ஆள் பாத்துக்கிடுதேன்" என்றார். அதற்குப் பிறகுதான் உனக்கு வீடியோ போட்டேன். நீ அந்தக் கேள்வியைக் கேட்டாய்.

போனை வைத்துவிட்டு நான் கொஞ்ச நேரம் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு விளங்கியது இதுதான். அந்த வேலை போனால் நான் வீட்டில் சும்மா இருப்பேன். சும்மா இருந்தால் நீ வந்து கூட்டிப்போவாய். மறுக்க என் வாயில் வார்த்தை இருக்காது. அப்பாவோடு நான் வாழ்ந்த வீடு ஒரு பேரிங்குக்காகப் பூட்டப்படும். அதுவும் நானே எண்ணெய் ஊற்றிக் கெடுத்த பேரிங்கால். அந்த நினைப்பு வந்ததும் எழுந்து எதிர்வீட்டு ஆமினாவிடம் போய் மண்ணெண்ணெய் கேட்டேன். குடத்தின் இரண்டு பக்கமும் ஊற்றி ஊறப்போட்டேன். ஆமினாவின் வீட்டுக்காரர் சவுதியில் இருக்கிறார், உனக்குத் தெரியும். லீவில் வரும்போது வாங்கி வந்த ஸ்பானர் பெட்டியை அவள் பீரோவுக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறாள். "ஒரு திருப்புளி கொறஞ்சாலும் அங்கன இருந்தே கண்டுபிடிச்சிருவாரு" என்று சொல்லிக்கொண்டேதான் பெட்டியை எடுத்துக் கொடுத்தாள். மறுநாள் கூடவே வந்தும் உட்கார்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மெஸ் கிடையாது. காலையிலேயே குடத்தை சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு, முற்றத்தில் பழைய சேலையை விரித்து வேலையை ஆரம்பித்தேன். கழற்றின ஒவ்வொன்றையும் கழற்றின வரிசையிலேயே இடமிருந்து வலமாக வைத்தேன். நட்டு, அதற்கடுத்து வாஷர், அதற்கடுத்து சின்னக் குழல். அப்படி வைக்கும்போது உன்னைத்தான் நினைத்தேன். நாலாம் வகுப்பில் நீ அப்பாவின் அலாரம் கடிகாரத்தைக் கழற்றி, இதே முற்றத்தில், இதே மாதிரி வரிசையாக அடுக்கி வைத்திருந்தாய். நான் தோசைத் திருப்பியால் அடித்தேன். "தெரியாத வேலைல கை வைப்பியா?" என்று கேட்டுக் கேட்டு அடித்தேன். வரிசையாக வைத்திருந்ததை நான் பார்க்கவே இல்லை. வாரி ஒரு டப்பாவில் போட்டேன். அதற்குப் பிறகு யாராலும் அதைச் சேர்க்க முடியவில்லை. நீ அன்றிலிருந்து ஒரு திருப்புளியைத் தொட்டு நான் பார்க்கவில்லை. இன்றைக்கு நீ ஒரு சாமான் பழுதானால் "தூக்கிப் போடு, புதுசு வாங்கு" என்று சொல்கிறாய் என்றால், அதைச் சொல்லிக்கொடுத்த வாத்தியார் நான்தான். அந்த அடிக்கு இப்போது மன்னிப்புக் கேட்கிறேன். உன் பிள்ளை நாளைக்கு எதையாவது பிரித்துப் போட்டால், திட்டுவதற்கு முன் எப்படி அடுக்கி வைத்திருக்கிறான் என்று பார்.

சரி, சக்கரத்துக்கு வருகிறேன். இரண்டு பக்கத்து நட்டையும் கழற்றி, நடுவில் இருக்கிற ஆக்சில் கம்பியின் ஒரு முனையில் மரக்கட்டையை வைத்துச் சுத்தியலால் தட்டினேன். நாலு தட்டில் கம்பியும் இடது பக்கத்து பேரிங்கும் சேர்ந்து வெளியே வந்துவிட்டன. ஆமினா கை தட்டினாள். "ஏட்டி, இவ்வளவுதானா? அந்த ஆள் என்னமோ ஆப்பரேசன் மாதிரி பேசுனாரு!" எனக்கும் தலை கொஞ்சம் கனத்துவிட்டது. வலது பக்கம்தான் நான் எண்ணெய் ஊற்றிய பக்கம் என்பதை மறந்துபோனேன். சனிக்கிழமைதோறும் சுவரோரமாக வண்டியை நிறுத்தி, கைக்கு எட்டின பக்கத்தில்தானே ஊற்றியிருக்கிறேன்.

இடது பக்கத்து ஓட்டை வழியாக நீள திருப்புளியை விட்டு, வலது பக்கத்து பேரிங்கின் உள்விளிம்பில் வைத்துத் தட்டினேன். ஒரே இடத்தில் தட்டக்கூடாது, மேலே ஒன்று, கீழே ஒன்று, பக்கத்தில் ஒன்று என்று சுற்றிச் சுற்றித் தட்ட வேண்டும், இல்லாவிட்டால் கோணிக்கொள்ளும். இது அண்ணாச்சி தன் கடையில் வேறு வண்டிக்குச் செய்தபோது நான் பார்த்தது. அரை மணி நேரம் தட்டினேன். அசையவில்லை. ஆமினா சக்கரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள், நான் ஓங்கி அடித்தேன். டக்கென்று ஒரு சத்தம். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். பார்த்தால் பேரிங்கின் உள்வளையம் மட்டும் பிய்ந்து விழுந்திருக்கிறது. குண்டுகளெல்லாம் முற்றத்தில் உருண்டு ஓடுகின்றன. வெளிவளையம் குடத்துக்குள் அப்படியே இருக்கிறது. திருப்புளியை வைத்துத் தட்ட இனி விளிம்பும் இல்லை. உள்ளே விரலை விட்டுப் பார்த்தேன், குடத்தோடு சேர்த்து வார்த்த மாதிரி வழவழவென்று இருந்தது.

அப்போது அழுதேன். "புருசன் செத்து பதினாறு கழிஞ்சதும் கண்ணத் தொடச்சிட்டா" என்று உன் அத்தை என்னைப் பற்றிச் சொன்னாள் இல்லையா, அந்தப் பாக்கியெல்லாம் சேர்த்து அன்றைக்கு அழுதேன். பேரிங்குக்காக அழுதேனா, அவருக்காக அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை. கையெல்லாம் கறுப்புப் பிசின். அதிலிருந்து எள் வாசம். ஆமினா என்னைத் தடுக்கவில்லை. உள்ளே போய் எனக்கும் அவளுக்கும் பால் இல்லாத கட்டன் சாயா போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். நான் குடித்து முடித்ததும் ஆரம்பித்தாள்.

"அழுது முடிச்சிட்டியா?"

"முடிச்சிட்டேன்."

"மெஸ்ஸுல டம்ளருக்குள்ள டம்ளர் சிக்கிச்சின்னா எல்லாரும் ஒன்னையத்தான் கூப்பிடுவாங்கன்னு பெருமையடிப்பியே. இதுவும் ஒரு டம்ளர்னு நெனச்சிக்கயேன். எவர்சில்வர் டம்ளர்ல காட்டுத வீரத்த இதுல காட்டுட்டீ."

கேலியாகத்தான் சொன்னாள். எனக்கு வழி பிடிபட்டது. ஒரு டம்ளருக்குள் இன்னொன்று சிக்கினால் நான் இழுக்கவே மாட்டேன், அடிக்கவும் மாட்டேன். வெளி டம்ளரை வெந்நீரில் நிறுத்தி, உள் டம்ளருக்குள் ஐஸ் தண்ணீரை ஊற்றுவேன். வெளியே இருப்பது விரியும், உள்ளே இருப்பது சுருங்கும். ஒரு மூச்சு விடுகிற நேரத்தில் தானாகக் கழன்றுவரும். நூறு தடவை செய்திருக்கிறேன். இங்கேயும் குடம்தான் வெளி டம்ளர், அந்த வளையம்தான் உள் டம்ளர். குடம் அலுமினியம் வேறு; அலுமினியச் சட்டி எவ்வளவு சீக்கிரம் சூடேறும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். பிசினும் சூட்டில் இளகும். நான் எழுந்து பெரிய பானையில் உலை வைத்தேன்.

"ஐஸ் வேணுமே, ஆமினா. அந்த வளையத்துக்குள்ள சரியா நிக்கித மாதிரி உருண்டையா வேணும்."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவள் வீட்டு ஃப்ரீசரில் தெருப் பிள்ளைகளுக்கு விற்கிற பாக்கெட் ஐஸ் எப்போதும் இருக்கும். விரல் மொத்தத்துக்கு நீளநீளமாக இருக்குமே, அதுதான். ஓடிப்போய் நாலைந்து அள்ளிக்கொண்டு வந்தாள். ஆரஞ்சு கலர். வளையத்துக்குள் ஒன்றை விட்டுப் பார்த்தோம். அளவெடுத்துச் செய்த மாதிரி போய் உட்கார்ந்தது. அங்கேயே இரண்டு பேரும் சிரிக்க ஆரம்பித்துவிட்டோம்.

குடத்தைச் சுற்றிப் பழைய துண்டைக் கட்டினேன். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரை அந்தத் துண்டின்மேல் கரண்டி கரண்டியாக ஊற்றினேன். உள்ளே ஐஸ், வெளியே வெந்நீர். ஐஸ் கரைந்தால் ஆமினா அடுத்ததைச் செருகுவாள். முதல் தடவை கவிழ்த்துத் தட்டினேன், வரவில்லை. இரண்டாம் தடவையும் வரவில்லை. ஆனால் விளிம்பில் கறுப்புக் கோடு ஒன்று கசிந்தது, பாகு இளகுகிற மாதிரி. அதைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அடுப்படியில் முப்பது வருஷம் நின்றவளுக்கு எது இளகுகிறது, எது இளகவில்லை என்று கண்ணுக்குத் தெரியும். மூன்றாம் தடவை இன்னும் பொறுமையாக ஊற்றினேன். முழுப்பானையும் தீர்ந்தது. சட்டென்று சக்கரத்தைக் கவிழ்த்து, மரப்பலகையில் ஒரு தட்டு. டங்!

வளையம் பலகைமேல் விழுந்து, ஒரு சுற்றுச் சுற்றி, ஆரஞ்சுத் தண்ணீரில் படுத்தது.

எய்யா, நீ பிறந்தபோது நான் அவ்வளவு சத்தம் போடவில்லை. ஆமினா குதித்த குதியில் அவள் தலையிலிருந்த துணி நழுவியது. "வந்துட்டுட்டீ! வந்துட்டு!" என்று தெருவுக்கே கேட்க அலறினாள். பக்கத்து வீட்டில் ஜன்னல் திறந்து, யாருக்குக் குழந்தை பிறந்தது என்று கேட்டார்கள். நான் அந்த வளையத்தைக் கையில் எடுத்தேன். ஒரு பக்கம் சூடு, ஒரு பக்கம் குளிர்ச்சி. முந்தானையில் துடைத்தேன், துடைத்தேன், துடைத்துக்கொண்டே இருந்தேன்.

மத்தியானம் அந்த வளையத்தையும் இடது பக்கத்து பேரிங்கையும் முடிந்துகொண்டு டவுன் பஸ்ஸில் தென்காசிக்குப் போனேன். சைக்கிள் கடைகளெல்லாம் ஞாயிறு மூடியிருந்தன. ஒரு மோட்டார் காயில் கட்டுகிற கடை பாதிக் கதவு திறந்திருந்தது. அந்த ஆள் பேரிங்கில் இருந்த நம்பரைப் பார்த்துவிட்டு, "இது மோட்டாருக்குப் போடுத சைஸ்தான ஆச்சி, எத்தன வேணும்?" என்றார். இங்கிலீஷ் எனக்கு வராது, நம்பர் வரும். அவர் கொடுத்ததில் அதே நம்பர் இருக்கிறதா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்து வாங்கினேன். "ஆச்சி இல்ல, அக்கா" என்றும் சொல்லிவிட்டு வந்தேன்.

புதுசு இரண்டையும் ஆமினாவின் ஃப்ரீசரில் ஐஸோடு ஐஸாக வைத்தோம். அது குளிர்ந்து சுருங்கட்டும் என்றுதான். குடத்துக்குள் இருந்த பிசினை ஒரு பொட்டு விடாமல் தேய்த்துக் கழுவினேன், மறுபடியும் வெந்நீர் ஊற்றிச் சூடாக்கினேன். புதிய பேரிங்கை வைத்து, அதன் தலைமேல் என்னை அழவைத்த அந்தப் பழைய வளையத்தையே வைத்து, மெதுவாகத் தட்டினேன். விளிம்பில் மட்டும் அடி விழ வேண்டும், நடுவில் விழுந்தால் புதுசும் கெடும். வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி இறங்கியது. சேலையில் வைத்திருந்த சாமான்களை வலமிருந்து இடமாக எடுத்து எடுத்துப் பூட்டினேன். ஒன்றும் மிஞ்சவில்லை, ஒன்றும் குறையவில்லை. சக்கரத்தைச் சுற்றிவிட்டேன். சத்தமே இல்லை. அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது. பொழுது சாய்ந்து ஆமினா மஃரிப் தொழப் போய்விட்டாள், நான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

திங்கட்கிழமை காலையில் சாரல். நாலரைக்குக் கிளம்பினேன். வண்டி எப்படிப் போனது என்று உனக்கு எப்படிச் சொல்வேன்! மிதிக்காமலேயே போகிற மாதிரி போனது. நான் பைபாஸ் திருப்பத்தில் பிரேக்கைக்கூடப் பிடிக்கவில்லை. ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அடுப்பைப் பற்றவைத்தேன். மெஸ்காரர் உள்ளே வந்து, என்னைப் பார்த்து, வெளியே போய் வண்டியைப் பார்த்து, மறுபடியும் உள்ளே வந்து, கல்லாவில் உட்கார்ந்தார். திரும்பும்போது மெக்கானிக் கடையில் வேண்டுமென்றே நிறுத்தினேன்.

"யாருக்கா பேரிங்க எடுத்தா?"

"நான்தான்."

"எத வச்சு?"

"பாக்கெட் ஐஸ் வச்சு."

"வெளையாடாதீயக்கா." அண்ணாச்சி முன்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, காதைக் குடத்துப் பக்கம் வைத்துக் கேட்டார். ரொம்ப நேரம் கேட்டார். நான் எப்படிச் செய்தேன் என்று முழுக்கச் சொன்னேன். கடைசியில் ஒரு கிரீஸ் டப்பாவை எடுத்து என் கூடையில் வைத்தார். "இனி எண்ணெய் பக்கமே போகாதீய" என்றார்.

போக மாட்டேன். ஆனால் ஒன்று சொல்கிறேன், கேள். அது நல்ல எண்ணெய்தான். செக்கில் ஆட்டியது, காய்ச்சி இறக்கியது, மனசார ஊற்றியது. ஊற்றின இடம்தான் தப்பு. நீ என்மேல் வைத்திருக்கிற பிரியத்தை நான் சந்தேகப்படவில்லை, எய்யா. உன் வீட்டில் எனக்கு ஒரு அறை, ஒரு டிவி, கட்டில், வேளைக்குச் சோறு எல்லாம் வைத்திருப்பாய். உன் வீட்டுக்காரியும் தங்கமான பிள்ளை. ஆனால் நான் அங்கே வந்தால் சுற்றாமல் நின்றுவிடுவேன். எனக்கு அது தெரியும். அப்பா இல்லாத துக்கம் இங்கே இருந்தாலும் இருக்கும், அங்கே வந்தாலும் இருக்கும். இங்கே இருந்தால் விடியற்காலை ஐந்து மணிக்கு அதை ஓரமாக வைத்துவிட்டு மாவு கரைக்க வேண்டியிருக்கிறது. அது எனக்கு நல்லது. உடம்பு முடியாமல் போகிற காலம் வரும், அப்போது நானே உன்னைக் கூப்பிடுவேன். வீம்பு பிடிக்க மாட்டேன், வாக்குத் தருகிறேன். அந்தக் காலம் இன்னும் வரவில்லை.

ஆவணியில் நீங்கள் இரண்டு பேரும் கட்டாயம் வாருங்கள். என்னைக் கூட்டிப்போக வேண்டாம், என்னைப் பார்க்க வாருங்கள். அருவியில் அப்போதும் தண்ணீர் இருக்கும். காலையில் வந்து இறங்கியதும் வீட்டுக்குப் போகாதீர்கள், வீடு பூட்டியிருக்கும். பெட்டியோடு நேரே மெஸ்ஸுக்கு வந்துவிடுங்கள். கல்லாவில் இருப்பவரிடம் என் மகன் என்று சொன்னால் உட்காரவைத்து இலை போடச் சொல்வார். உள்ளே எட்டிப் பார்த்து அம்மா அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருக்காதே. அது பூரி போடுகிற நேரம், எண்ணெய்ச்சட்டியை விட்டு என்னால் அசைய முடியாது. சாப்பிட்டுவிட்டுக் காத்திரு. கூட்டம் குறைந்ததும் நான் வருகிறேன்.

அம்மா